சந்தனம் காய்ந்த கறுப்புக் கட்டை

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடை அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். காரியம் முடிந்து இருபது நாள் ஆகிறது. தனம் மேசை இழுப்பறைகளைப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்து உங்கள் பிஸ்கட் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஸ்குரூ ஒரு டப்பா, வயர் ஒரு டப்பா, எதற்கென்று எனக்குத் தெரியாத பொடிச் சாமான்கள் நாலைந்து டப்பா. எல்லாவற்றிலும் துரு வாசமும் பிளாஸ்டிக் வாசமும்தான். ஒன்றில் மட்டும் மூடியை எடுத்ததும் சந்தனம் மணத்தது.

கம்ப்யூட்டர் சாமானுக்குள் சந்தன வாசம் வர வேலையில்லை. கிளறிப் பார்த்தேன். மருந்துக்கடைக் காகித உறை ஒன்று. அதற்குள் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கட்டை. ஒரு பக்கம் வரிசையாகப் பொடி ஊசிகள், மறுபக்கம் மொட்டை. மொட்டைப் பக்கத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவில் குங்குமம் கறுத்துப்போயிருந்தது. நூலால் கட்டிய ஒரு துண்டுச் சீட்டு, உங்கள் கையெழுத்தில்.

கழற்றி வைக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் நீங்கள் சீட்டு எழுதிக் கட்டுவீர்கள். யாருடைய மிசின், எங்கே இருந்தது, வேலை செய்யுமா செய்யாதா. கடையில் நீங்கள் இல்லாதபோது தனம் எடுத்துக் கொடுக்க வசதியாகத் தமிழில்தான் எழுதுவீர்கள். எனக்கு நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். கூட்டிப் படித்து முடித்தேன். முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அழவில்லை. நீங்கள் போன அன்றும் நான் அழவில்லை. உங்கள் சித்தி அதைப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். எந்தப் பத்துப் பேர் என்பதும் எனக்குத் தெரியும்.

என் ஞாபகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுதிவைத்துப் பழக்கமில்லாதவள் மனசில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தனத்தைப் பெண் பார்க்க வந்தபோது உங்கள் அம்மா காப்பியில் பாதியை மிச்சம் வைத்ததும், நீங்கள் அதைப் பார்த்துவிட்டு அந்த மிச்சத்தை எடுத்துக் குடித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் அம்மா மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். உங்களை அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது. அதை உங்களிடம் சொன்னதில்லை.

தனத்தின் அப்பா போன பிறகு ஒரு பையோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். மருமகன் வீட்டில் மாமியார் நிரந்தரமாகத் தங்குவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வாசலில் நின்று, "பத்து நாள் இருந்துட்டுப் போயிருவேன் மாப்ள" என்றேன். நீங்கள் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இது உங்க மக வீடுத்தே. எனக்கே அவதான் சோறு போடுறா. நம்ம ரெண்டு பேருமே ஒண்டுக்குடித்தனந்தான்."

அப்படிச் சொன்ன மனுஷரிடம்தான் ஏழு வருஷம் நான் நேராகப் பேசவில்லை.

அந்தப் பெரிய மிசின் வந்த நாளை எடுத்துக்கொள்கிறேன். செல்போன் நம் தெருவில் ஒருவர் இருவரிடம் மட்டும் இருந்த காலம். செல்லூரில் நம் சந்தில் இரண்டு பக்கமும் தறிச் சத்தம் விடிந்ததும் தொடங்கிவிடும். நம் கடை மட்டும்தான் தறி இல்லாத கடை. சேலைக்குக் கரையும் முந்தியும் வரைந்து கொடுக்கிற டிசைன்காரர், சௌராஷ்டிரக்காரர், வயசானவர், அவர்தான் மூன்று சக்கர வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு வந்தார். சாதாரணக் கம்ப்யூட்டரைப் போல இரண்டு மடங்கு இருந்தது. ஒர்க் ஸ்டேஷன் என்றீர்கள். எங்கேயோ ஆபீஸில் கழித்துவிட்டது, மெட்ராஸ் வழியாக அவரிடம் வந்தது. உள்ளே காற்றாடி நின்றுபோய், சூடேறிச் சூடேறி அணைந்துவிடுகிறது என்பதுதான் கோளாறு.

அவர் வரைகிற பூவெல்லாம் அதற்குள்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டையைத் தறிக்கு மேலே மாட்டினால்தான் சேலையில் பூ விழும். தீபாவளிக்கு நாலு வாரம் இருந்தது.

"வேற எதுலயாச்சும் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டீர்கள்.

"எதுல எடுக்க தம்பி? இந்த மிசினு எழுதுனத இந்த மிசினுதான் படிக்குது. பத்து வருசப் பூவு உள்ள கெடக்கு. பாத்துச் செய்ங்க."

காற்றாடியை மாற்றினீர்கள். மூடியைத் திறந்தே வைத்து ஒரு நாள் முழுக்க ஓட விட்டீர்கள். திரையில் மாங்காய்ப் பூவும் அன்னமும் வரிசையாக வந்ததை என்னையும் கூப்பிட்டுக் காட்டினீர்கள். சரியாகிவிட்டது, ஆயுத பூசை முடிந்து விஜயதசமி அன்று எடுத்துப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள்.

பூசைக்கு முதல் நாள் சாமான் வாங்க நீங்கள் சிம்மக்கல்லுக்குப் போயிருந்தீர்கள். தனம் அடுப்படியில். கடையைக் கழுவித் துடைத்தது நான். மேசை, நாற்காலி, டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஒவ்வொரு டப்பா மூடி. பெரிய மிசின் திறந்தே இருந்தது. உள்ளே பஞ்சு தூசி அப்பிக் கிடந்தது. தறிக்காரர் வீட்டுத் தூசி அப்படித்தான் இருக்கும். பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றிக்கொண்டு அதையும் துடைத்தேன். மறுநாள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சின்னச் சாமான்களைத் தாம்பாளத்தில் அடுக்கிச் சாமி முன்னால் வைத்தேன். பொரியும் சுண்டலும் எல்லாருக்கும் கொடுத்தேன். நீங்கள் மூன்று முறை சுண்டல் வாங்கிக்கொண்டீர்கள். மூன்றாவது முறை தனம் முறைத்தாள்.

விஜயதசமி காலையில் டிசைன்காரர் குளித்து வெள்ளை வேட்டியில் வந்துவிட்டார். நீங்கள் சூடம் காட்டிவிட்டு மிசினைப் போட்டீர்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. ஓடி ஒரு இடத்தில் நின்றது. நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். அணைத்து மறுபடி போட்டீர்கள். அதே இடத்தில் நின்றது.

"டிஸ்க்கைக் காணோம்" என்றீர்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். "உள்ளதான இருக்கு மாப்ள?"

"இருக்குத்தே. இருக்கிறது மிசினுக்குத் தெரியல."

டிசைன்காரர் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டி நுனியைச் சுருட்டினார், பிரித்தார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நீங்கள் செய்த ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். முதலில் ஸ்குரூ டிரைவரின் முனையை டிஸ்க்குப் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டீர்கள். "ஓடுது. உசிர் இருக்கு. பேரு மட்டும் சொல்ல மாட்டேங்குது" என்றீர்கள். பிறகு கரண்ட் வயரை மாற்றிக் குத்தினீர்கள். பேத்தியின் அழிரப்பரை வாங்கி மிசினுக்குள் இருந்த சர்க்யூட் அட்டைகளின் பல்லைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினீர்கள். டிஸ்க்குக்குப் போவது, சாதாரண மிசினில் இருப்பதைவிட அகலமான பட்டை வயர். உங்களிடம் இருந்த எந்த வயரும் அதற்குச் சேரவில்லை. டிஸ்க்கின் பின்னால் எள்ளுப் போல ஒன்றை இடம் மாற்றி மாற்றி வைத்தீர்கள். ஒவ்வொரு முறையும் அணைப்பீர்கள், போடுவீர்கள், எழுத்து ஓடும், நிற்கும்.

இரண்டாம் நாள் டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பினீர்கள். அதன் நெற்றியில் என் சந்தனப் பொட்டு.

"அத்தே, இதுக்குமா வச்சீக?"

"எல்லாத்துக்குந்தான் வச்சேன். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

சிரித்தீர்கள். டிசைன்காரர் சிரிக்கவில்லை. அட்டை இல்லாமல் எட்டுத் தறி நிற்கிறது என்று அவர் சொன்னது அப்போதுதான். சந்துக்குள் சத்தம் குறைந்திருந்ததை அதற்குப் பிறகுதான் நானும் கவனித்தேன்.

அன்றைக்கு நீங்கள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே தனத்திடம் சொன்னீர்கள். "காத்தாடிக்குன்னு வந்த மிசினு. டிஸ்க்கு நல்லா இருந்துச்சு. நான் தொட்டுக் கெடுத்துட்டேன்னுதான் ஊரு சொல்லும். அது கெடக்கட்டும். அந்த மனுசன் பத்து வருசம் வரைஞ்சதை எங்க போயித் திரும்ப வரைவாரு? அவருக்கு இப்பக் கண்ணும் தெரியல."

சாப்பிடாமல் எழுந்தீர்கள். இலையை நான்தான் எடுத்தேன்.

மூன்றாம் நாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மெட்ராஸில் ஒருவரிடம் பேசினீர்கள். இந்த மாதிரி மிசின்களிலேயே வேலை செய்கிறவராம். திரும்பி வரும்போது உங்கள் முகம் தெளிந்திருந்தது. டிசைன்காரரிடம் விளக்கினீர்கள். நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"டிஸ்க்கு கெட்டுப்போகலண்ணே. இந்தப் பட்டை வயரோட கடைசி முனையில ஒரு கட்டை குத்தியிருக்கணுமாம். டெர்மினேட்டருங்கிறாரு. அது அந்தப் பக்கம் எதோடயும் சேராது. சும்மாக் கெடக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனா அது இல்லைன்னா, போற சேதி வெறும் முனையில முட்டித் திரும்பி வந்து, பின்னால வர்ற சேதியோட மோதிக் குழம்பிருமாம். மிசினுக்கு ஒண்ணும் வெளங்காது."

"அந்தக் கட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு. காத்தாடி மாத்தும்போது பாத்தேன். கறுப்பா, கட்டைவிரல் அளவுக்கு."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினீர்கள். உங்கள் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

"அத்தே, தொடைக்கையில வயரு முனையில இருந்து எதையாச்சும் கழட்டுனீகளா?"

"நான் எதையும் கழட்டல."

"தூசி எடுக்கக் கழட்டி, வேற எங்கயாச்சும் வச்சிருப்பீக. ஞாபகப்படுத்திப் பாருங்க."

அந்த ஒரு வார்த்தைதான். ஞாபகப்படுத்திப் பாருங்கள் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. என் மாமியாரிடம் பத்து வருஷம் பேச்சு வாங்கினேன். அவர்கூட என் ஞாபகத்தைக் குறை சொன்னதில்லை.

டிசைன்காரர் சமாதானம் செய்வதாக நினைத்து, "பெரியவங்க, தெரியாமக் கைபட்டிருக்கும். விடுங்க தம்பி" என்றார். அந்நிய மனிதர் என்னை மன்னிக்கிறார். என் மருமகன் வீட்டில், என் மகள் பார்க்க.

உள்ளே போய்ச் சூடத்தட்டை எடுத்து வந்தேன். இரண்டு கட்டிச் சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். தனம், "அம்மா, கிறுக்கா ஒனக்கு?" என்று வந்தாள். நீங்கள் மேசையைத் தாண்டி ஓடி வந்தீர்கள். "அத்தே, வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் கட்டை, அது போயிட்டுப் போகுது."

உங்கள் கை வருவதற்குள் என் உள்ளங்கையை எரிகிற சூடத்தின் மேல் வைத்து அமுக்கினேன். "நான் எடுத்திருந்தா இந்த வீட்டுல விளக்கெரியாமப் போகட்டும்" என்றேன்.

சூடம் அணைந்தது. டிசைன்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். நீங்கள் மருந்துக்கடைக்குப் போய்க் களிம்பு வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்தீர்கள். நான் அதைத் தொடவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டேன். கொப்புளம் உடைந்து ஆற அந்த மாசம் முழுக்க ஆனது. களிம்பு ஜன்னலில் கிடந்து காய்ந்தது.

மெட்ராஸ்காரர் அந்த மாதிரிக் கட்டை ஒன்றை ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டார். நீங்கள் போய் வாங்கி வந்து வயர் முனையில் குத்தினீர்கள். எழுத்து ஓடியது. நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. டிஸ்க்கின் பெயர் வந்தது. பிறகு மாங்காயும் அன்னமும். அடுக்களையிலிருந்து நான் அதைப் பார்த்தேன். நீங்கள் திரும்பி, என்னைப் பார்த்து, "அத்தே, வந்துருச்சு" என்றீர்கள். நான் தனத்திடம், "சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லு" என்றேன்.

நீங்கள் என்னிடம் பேசுவதை நிறுத்தவே இல்லை. நான்தான் பதிலைச் சுவரிடம் சொன்னேன், தனத்திடம் சொன்னேன், பேத்தியிடம் சொன்னேன். தீபாவளிக்கு டிசைன்காரர் இரண்டு சேலை கொடுத்தார், தனத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையது இன்னும் மடிப்புக் கலையாமல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அரக்கில் அன்னக்கரை.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு முதல் நாள் பரணிலிருந்து பூசைப் பெட்டியை இறக்கினீர்கள். தாம்பாளம், சந்தனக் கல், மணி, குங்குமச் சிமிழ் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை இறங்கி ஏறுகிற தகரப் பெட்டி அது. நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கே வந்து நின்றீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"அத்தே, இந்த வருசம் மிசினுக்கெல்லாம் நீங்கதான் பொட்டு வைக்கணும்."

குத்திக் காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். துணியை ஓங்கி அடித்தேன். "அந்த வேலைக்கு உரிமைப்பட்டவுக வச்சுக்கிரட்டும்" என்று கல்லிடம் சொன்னேன்.

அன்றைக்கு நீங்களே வைத்தீர்கள். இரண்டு விரலால், பிள்ளைகள் வைப்பதைப் போல, எல்லாம் கோணல். அதற்கடுத்த வருஷமும் அதே வார்த்தையைக் கேட்டீர்கள். அதற்கடுத்த வருஷமும். ஒரு வருஷமும் விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தக் குத்தல் இன்னும் ஆழமாக இறங்கியதாக நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

கட்டையை எடுத்துக்கொண்டு தனத்திடம் போனேன். அவள் இழுப்பறையை மூடிவிட்டு அதைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"ஆறு வருசமாத் தெரியும்மா. பூசைப் பெட்டியில, சந்தனக் கல்லுக்கு அடியில கெடந்துச்சு. அவுகதான் பாத்தாக."

"ஏண்டி சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாக."

"என்னன்னு?"

தனம் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இப்போது அப்படித்தான் இருக்கிறோம். சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், தட்டைக் கழுவுகிறோம்.

"'அத்தை சூடத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணிருக்காக. இது கெடச்சது தெரிஞ்சா, நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் தன் வாயாலதான் வந்துச்சுன்னு அந்த மனுசி உருகிப்போயிருவாக. எம்மேல கோவமாவே இருக்கட்டும். கோவமா இருந்தா நல்லாச் சாப்புடுறாக'ன்னாக. சொல்லிட்டுச் சிரிச்சாகம்மா."

"நீயும் சிரிச்சியா?"

"ஆமா."

தனம் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நீங்கள் காய்ச்சலில் போகவில்லை. சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றீர்கள், கையில் ஒரு பழைய மானிட்டர் கேபிள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பழக்கடைப் பலகையில் உட்கார்ந்தீர்களாம். கடைக்காரர் சோடா உடைப்பதற்குள் முடிந்துவிட்டதாம். என் சத்தியத்தால் என்று தனம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தனம் சாயங்காலம் விளக்கேற்றுகிறாள். அது எரிகிறது. எரிகிறதா என்று ஒவ்வொரு நாளும் நான் பார்க்கிறேன். நான் இப்படிப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்றுதானே அந்தக் கட்டையை டப்பாவில் போட்டு மூடினீர்கள். மூடியவர் டப்பாவையும் தூக்கி எறிந்திருக்கலாம். நல்ல சாமானை எறிய உங்களுக்கு மனசு வராது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கட்டையைப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தேன். கையில் வைத்து உருட்டிப் பார்த்தேன். பொட்டு என்னுடையதுதான். மோதிர விரலால் வைத்து, மேலே லேசாக இழுத்துவிடுவது என் வழக்கம், வேறு யாரும் அப்படி வைப்பதில்லை. தூசிக்காகக் கழற்றியிருப்பேன். மூடி என்று நினைத்திருப்பேன். தாம்பாளத்தில் வைத்திருப்பேன், பூசை முடிந்து தாம்பாளத்தோடு பெட்டிக்குள் கவிழ்த்திருப்பேன். எல்லாம் இருப்பேன், இருப்பேன்தான். அன்று நீங்கள் தின்ற சுண்டல் ஞாபகம் இருக்கிறது. வேட்டித் துணியின் கிழிசல் ஞாபகம் இருக்கிறது. இதை எடுத்த என் கை மட்டும் ஞாபகத்தில் இல்லை. உள்ளேதான் எங்கேயோ இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

பொய்ச் சத்தியம் என்று தெரிந்து நான் செய்யவில்லை. இதை உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வருஷத்தில் இப்போதுதான் உங்களிடம் நேராகப் பேசுகிறேன்.

வருகிற வாரம் ஆயுத பூசை. துக்க வீடு, இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது. பூசைப் பெட்டி பரணை விட்டு இறங்காது. துணி அலசுகிற இடத்துக்கு வந்து யாரும் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. கடை மிசின்களை மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒருவர் வருகிறார். டப்பாக்களையும் அவருக்கே கொடுத்துவிடலாம் என்கிறாள் தனம். கொடுக்கட்டும்.

கட்டையை நான் கொடுக்கவில்லை. வெற்றிலை வைக்கிற சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருக்கிறேன். உட்காரும்போது அதன் ஊசிப் பக்கம் குத்துகிறது. எடுத்துத் திருப்பி வைத்துக்கொள்கிறேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்து வெற்றிலையில் ஒட்டுகிறது. உங்கள் சீட்டையும் அதிலிருந்து அவிழ்க்கவில்லை. நூல் முடிச்சு இறுக்கமாக இருக்கிறது. டிசைன்காரர் வீட்டுக்கு எடுத்துப் போய், அந்த மிசினிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பார்க்காமல் நீங்கள் எதையும் எழுத மாட்டீர்கள். சந்தனத்தை மட்டும் துடைக்கவில்லை.

டிசைன்காரர் மிசின். பூசைப் பெட்டியில் இருந்தது. வேலை செய்யும்.